உடல்தகுதி இழந்தவர்கள்

பல்லிடுக்கில் சிக்கிய கரிமீன் முள்ளை நாக்கால் நெம்பிக்கொண்டே தலைமையகத்து அதிகாரி கேட்டார், இந்த உடல்தகுதி இழந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று. ஆங்கிலத்தில்தான் கேட்டார். நாக்கு முள்ளோடு மல்லுக்கட்டியதில் வார்த்தைகள் குழறின. பக்கத்தில் இருந்தவர் ஒரு எண்ணைச் சொன்னார். "அவ்வளவுதானா!" என்று அதிகாரி சிரித்தார். சிரித்த வேகத்தில் முள் வெளியே வந்துவிட்டது. அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் தடவினார். எதிரே உட்கார்ந்திருந்த ஜெபராணி தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

குமுளியில் மலை விளிம்பை ஒட்டிக் கட்டிய விடுதி அது. சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வெகு கீழே, கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கான புதிய ஊதியத் திட்டத்தைப் பரிசீலிக்க நிர்வாகத்தார் பாதியும் சங்கத்தார் பாதியுமாக ஒரு குழு போட்டிருந்தார்கள். சலசலப்பில்லாத இடத்தில் உட்கார்ந்து பேசி முடிக்கலாம் என்று இந்த விடுதியைப் பிடித்தது நிர்வாகம்தான். குழுவில் பெண் ஒருத்தி வேண்டுமே என்று சேர்க்கப்பட்டவள் ஜெபராணி. அவள் போடிக்காரி என்று தெரிந்ததிலிருந்து அவளை யாரும் உறுப்பினராக நடத்தவில்லை. நல்ல ஏலக்காய் எங்கே கிடைக்கும், படகுச் சவாரிக்கு யாரைப் பிடிக்க வேண்டும், மலைத்தேனில் கலப்படம் இருக்குமா, இவைதான் அவளிடம் வந்த கேள்விகள். போடி கடைவீதியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அவள் அப்பா கிறிஸ்டோபர், மகளின் மேலதிகாரிகள் என்பதால் முதல்தரக் காயாகப் பொறுக்கி ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் காசு வாங்காமல் அனுப்பியிருந்தார். பொட்டலங்கள் மூலை மேசையில் அடுக்கியிருந்தன. மீன் வாடையும் ஏலக்காய் வாசமும் கலந்து அந்தக் குளிரூட்டிய அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.

ஆகாயத்தில் வரும் விமானங்களைத் திரையில் பார்த்து, ஒன்றோடொன்று முட்டாமல் ஏற்றி இறக்கி வரிசையில் விடுகிற வேலை அவளுடையது. அந்தத் திரைக்கு முன்னால் உட்காரத் தகுதி உள்ளவர்களுக்குச் சம்பளத்துக்கு மேலே ரேட்டிங் அலவன்ஸ் என்று ஒரு படி உண்டு. புதிய திட்டத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதற்கு ஈடாக நிர்வாகம் கேட்டது ஒன்றே ஒன்று. இதுவரை, மருத்துவச் சோதனையில் தேறாமல் இருக்கையை இழந்தவருக்கு ஓய்வு பெறும்வரை அந்தப் படி நிற்காது; ஊருக்குப் பக்கத்தில் மேசை வேலையும் கொடுப்பார்கள். இனி அது இரண்டு வருடத்துக்குத்தான். அதன்பிறகு குமாஸ்தா சம்பளத்தில் நாட்டின் எந்த மூலைக்குப் போடுகிறார்களோ அங்கே போகவேண்டும். முடியாதென்றால் வேலையை விட்டுப் போகலாம். இருக்கையை இழந்தவனுக்குச் சங்கத்தில் ஓட்டும் கிடையாது என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்டத்தின் நகல் கைக்கு வந்த அன்று ஜெபராணியும் முதலில் பார்த்தது படி எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான். அப்பாவின் வீட்டுக்கு மாடி எடுப்பதை இந்த வருடமே தொடங்கிவிடலாம் என்று, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்று யோசித்தாள். கடைசிப் பக்கத்தைப் படித்தது அதற்குப் பிறகுதான். அது இப்போது நினைவுக்கு வந்தபோது, எதிரே இருந்த முள்ளைப் பார்த்த அதே அருவருப்பு தன்மேலும் வந்தது.

"அவர்களைச் சுமந்துகொண்டு இருக்க முடியாதம்மா," என்றார் அதிகாரி, கை துடைத்தபடி, நல்ல மனிதரின் குரலில். "டெட் வெயிட்."

பிணக்கனம். அந்த வார்த்தையைத் தமிழில் அவள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தாள்.

வளைகுடா விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் ஒரு விடியற்காலை. ராடார் அறையில் திரைக்கு முன்னால் இருந்தவர் வேல்பாண்டி. கூடலூர்க்காரர், அவளுக்கு மூத்தவர், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளை ஆத்தா என்றே கூப்பிடுகிறவர். ஆள் பற்றாக்குறையால் அவர் தொடர்ந்து ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த வாரம். பக்கத்து நாற்காலியில் உதவிக்கு ஜெபராணி. ஒரு விமானம் இறங்க வேண்டிய உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தவர் முதல் எண்ணிலேயே நின்றார். அதே எண்ணைத் திரும்பச் சொன்னார். மறுபடியும் சொன்னார். அவள் திரும்புவதற்குள் நாற்காலியோடு சரிந்தார். அவள் தன் ஹெட்செட்டைச் செருகி, அவர் விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தாள். அடுத்த விமானத்தைத் திருப்பினாள். அதற்கடுத்ததை இறங்காமல் நிறுத்தினாள். காலடியில் அவருக்கு வெட்டி வெட்டி இழுத்தது. நுரை தள்ளும் சத்தம் கேட்டது. அவருடைய ஒரு கை அவள் கணுக்காலைப் பற்றி முறுக்கியது. குனிந்தால் திரையிலிருந்து கண் விலகும்; அவள் குனியவில்லை. ஓடிவந்தவர்கள் அவரைத் தூக்கப் பார்த்தார்கள். "பிணக்கனம் கனக்குறாருப்பா" என்று யாரோ மூச்சிரைத்தது காதில் விழுந்தது. பிற்பாடு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டவர்கள், அவள் குரல் ஒரு இழைகூட நடுங்கவில்லை என்று வியந்து பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அவள் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. வேல்பாண்டிக்கு வந்தது வலிப்பு நோய் என்று உறுதியானது. அதன்பிறகு அவர் திரைக்கு முன்னால் உட்காரவில்லை. மதுரையில் ஸ்டோர் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

"நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்," என்றாள் ஜெபராணி, ஆங்கிலத்திலேயே.

சண்முகராஜ் மெதுவாகச் சிரித்தார். சங்கத்தின் செயலாளர், தேனி பஜாரில் பாத்திரக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஒருகாலத்தில் உண்ணாவிரதப் பந்தலில் மயங்கி விழுந்து பேர் வாங்கியவர். பயிற்சிக் காலத்தில் அவளுக்குப் பாடம் எடுத்தவரும்கூட. மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் அவள் பக்கம் குனிந்தார்.

"ஜெபா, அவுக சார்பா நீ ஏம்மா பேசுற? வேல்பாண்டி இந்தா கீழ கூடலூர்லதான இருக்கான். உடல்தகுதி போனவுக எல்லாரையும் சேத்து ஒரு குரூப் வச்சிருக்கது அவன்தான். அவன்கிட்டயே கேட்டுருவோம். அவன் வேணாம்னு சொல்லட்டும், நானே இந்தத் திட்டத்தக் கிழிச்சுப் போடுறேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, வீட்லதான் இருப்பான். சொல்லாமப் போய் நிப்போம், சந்தோசப்படுவான்."

இதைவிட நியாயமாக என்ன கேட்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. வேல்பாண்டி அண்ணன் வேண்டாம் என்றுதான் சொல்வார். போன மாதம்கூட, காய்ச்சலில் காது போய் இருக்கையை இழந்த பிரின்சி என்ற சின்னப் பெண் ராடார் அறை வாசலில் உட்கார்ந்து அழுதபோது, ஜெபராணி அவரைத்தான் போனில் கூப்பிட்டாள். பிரின்சிக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதிலும் பாதிதான். போனை அந்தக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கேட்க, "நான் இருக்கேன் தாயி, ரூல் இருக்கு, நம்மள யாரும் ரோட்ல விட்ற முடியாது" என்று வேல்பாண்டி கத்திக் கத்திச் சொன்னது பக்கத்தில் நின்ற ஜெபராணிக்கும் கேட்டது.

சாயங்காலம் சண்முகராஜின் காரில் மலை இறங்கினார்கள். கிளம்பும்போதே குமுளி கடைவீதியில் நிறுத்தி அவர் ஒரு பழக்கூடை வாங்கினார். கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டிய கூடை. ஆப்பிள், கிவி, நடுவில் வெளிநாட்டுத் திராட்சை ஒரு கொத்து. கூடலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுக்குத் திராட்சை வாங்கிப் போகிறோமே என்று நினைத்தாள்.

வேல்பாண்டியின் வீடு தெருக் கடைசியில், தோட்டத்தை ஒட்டி. கார் திரும்பும்போதே அவர் வாசலில் நிற்பது தெரிந்தது. சவரம் செய்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் துடைத்துப் போட்டிருந்தன. சொல்லாமல் வந்த விருந்தாளிக்கு யாரும் நாற்காலி துடைத்துப் போடுவதில்லை. ஜெபராணி சண்முகராஜின் முகத்தைப் பார்த்தாள். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "ஏலே வேலு!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனார்.

"வாங்க சார், வாங்க. இங்கன உக்காருங்க, காத்து வரும். வா ஆத்தா, ஜெபா. நல்லாருக்கியா? அப்பா சொகமா?"

வேல்பாண்டி உடம்பு போட்டிருந்தார். மாத்திரையால் வந்த ஊதல். பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தையைத் தேடி நின்று, கிடைத்ததும் தொடர்ந்தார். ஆனால் அலுவலகத்தைப் பற்றிக் கேட்கும்போது கண் பழையபடி இருந்தது. புது ராடார் வந்துவிட்டதா, மழைக்காலத்தில் வரிசையை எந்தப் பக்கமாகத் திருப்புகிறார்கள், கேன்டீனில் இன்னும் அந்தப் புளிச்ச மாவில்தான் தோசை ஊற்றுகிறானா என்று விடாமல் கேட்டார். அவர் மனைவி முனீஸ்வரி காப்பி கொண்டு வந்தாள். கூடவே ஒரு எவர்சில்வர் தட்டில் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை, கழுவின ஈரத்தோடு. தட்டை வைக்க இடமில்லாமல் பழக்கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

சண்முகராஜ் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். படி கூடுவதைப் பற்றி நிறையச் சொன்னார். சங்கத்தின் ஒற்றுமையைப் பற்றிச் சொன்னார். "உங்க விசயத்துல ஒரு சின்ன மாத்தம், ரிவியூ மாதிரி" என்று ஒரே மூச்சில் கடந்து போகப் பார்த்தார்.

"ரிவியூ இல்லண்ணே," என்றாள் ஜெபராணி. "ரெண்டு வருசத்துல நிறுத்திருவாக. அப்புறம் குமாஸ்தா சம்பளம், எந்த ஊருக்குத் தூக்கிப் போட்டாலும் போகணும். அதச் சொல்லாம உங்ககிட்டச் சம்மதம் கேக்க வந்திருக்காரு."

வேல்பாண்டி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தில் எதையோ தேடுகிறவர் மாதிரி மேலே பார்த்தார்.

"தெரியும் ஆத்தா. சார் போன்லயே எல்லாம் சொல்லிட்டாக."

"தெரியுமா? எப்பச் சொன்னாக?"

"போன வாரமே."

சண்முகராஜ் திராட்சையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஏற்கனவே இருக்கவுக கேஸத் தனித்தனியாப் பார்ப்பாகம்மா. வேலு கேஸ நான் பாத்துக்கிர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவனுக்கு ஒரு குறையும் வராது. இங்கன இருந்து அசைய வேண்டியதில்ல, படியும் நிக்காது."

"மத்தவுக?"

"மத்தவுகளுக்கு வேண்டியவுக மத்தவுகளப் பாத்துக்கிருவாக." விதையை உள்ளங்கையில் துப்பி வேப்பமரத்தடியில் எறிந்தார்.

மத்தியானத்திலிருந்து ஜெபராணி சண்டை போட்டது இந்த வெள்ளைச் சட்டைக்காக. அந்தச் சட்டையோ நேற்றே இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியிருக்கிறது. "அண்ணே, பிரின்சிகிட்ட என்ன சொல்லப் போறீக?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது கொடுமையான கேள்வி என்று தெரிந்தது. தெரிந்தேதான் கேட்டாள்.

"அது சின்னப் பிள்ள. வேற வேல தேடிக்கிரும். எனக்கு இனிமே..." வார்த்தை கிடைக்காமல் நின்றார். கிடைத்தபோது அது வேறு வார்த்தையாக இருந்தது. "நீ சீட்ல இருக்க ஜெபா. சீட்ல இருக்கவுகளுக்கு நியாயம் பேச நல்லா வரும். அன்னைக்கும் நீ சீட்ட விட்டுக் குனியலயே. நான் தப்புச் சொல்லல. குனிஞ்சிருக்கக் கூடாதுதான். ஆனா இப்பக் குனிஞ்சு பாக்காத."

சண்முகராஜ் செல்போனை எடுத்தார். வேல்பாண்டியை வெளிச்சத்துக்குத் தோதாக நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். பின்னால் தெரிந்த துணிக்கொடியை மறைக்க அவரே எழுந்து ஒரு சேலையை ஒதுக்கினார். வேல்பாண்டி, மனப்பாடமாக, தான் உடல்தகுதி இழந்தவர்கள் சார்பாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் உள்ளே குக்கர் விசிலடித்தது. "இன்னொரு தடவ சொல்லிரு வேலு, விசில் விழுந்துருச்சு," என்றார் சண்முகராஜ். "கொஞ்சம் சிரிச்ச மொகமா." வேல்பாண்டி இன்னொரு தடவை சொன்னார். கொஞ்சம் சிரித்த முகமாகச் சொன்னார்.

முனீஸ்வரி ஜெபராணியின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனாள். ஒரு பையில் திராட்சை கட்டித் தரத்தான் என்று நினைத்தாள் ஜெபராணி. முனீஸ்வரி அடுப்படிக்குப் போகவில்லை. படுக்கையறை வாசலில் நிறுத்தினாள். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. குளியலறைக்குக் கதவே இல்லை. பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"உள்ள தாப்பாப் போட்டுட்டு விழுந்துட்டாக ஒருநா. கடப்பாரைய வச்சுத்தான் பேத்தோம். அன்னையிலருந்து இந்த வீட்ல யாரும் கதவப் பூட்டுறதில்ல ஆத்தா. வயசுக்கு வந்த பிள்ள, லீவுல காலேஜ்லருந்து வந்தா, நான் சேலைக்கு வெளிய காவலுக்கு நிக்கேன், அது குளிக்கும். வாரத்துக்கு அஞ்சு நாள் மதுரைல தனியா ரூம் எடுத்து இருக்காக. அங்க எப்ப விழுவாகளோன்னு இங்கன நான் போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இதுல கல்கத்தாக்குப் போன்னு சொன்னா?" முனீஸ்வரி குரலை உயர்த்தவேயில்லை. "அவுக மாட்டேன்னுதான் சொன்னாக. அந்தக் காது கேக்காத பிள்ளய நெனச்சு ரெண்டு நாள் சாப்பிடல. நான்தான் சம்மதிக்க வச்சேன். காறித் துப்பணும்னா என் மேல துப்பிட்டுப் போ."

"மதினி, அப்படியெல்லாம் பேசாதீக," என்றாள் ஜெபராணி. முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணில் ஒன்றும் இல்லை. அடுப்படிக்குப் போய், உண்மையாகவே ஒரு பையில் திராட்சை கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் சண்முகராஜ் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவதற்காக மறுபடி நிறுத்தினார். அதிகாரிக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். சூடாகப் பொரிக்கச் சொல்லிக் காத்திருந்தார். பொட்டலத்தின் எண்ணெய் விரலில் ஒட்டியதைக் கைக்குட்டையில் துடைத்தபடி, "வேலு பெரிய மனசுக்காரன்," என்றார். கார் கிளம்பியபின், "நீ இத மனசுல வச்சுக்காதம்மா. உனக்கும்தான கூடுது? அப்பா வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தயே," என்றார். அவருடைய குரலில் கபடம் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. செய்யவேண்டிய ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்த களைப்பு மட்டுமே அதில் இருந்தது.

மறுநாள் காலை கூட்டத்தில் வேல்பாண்டியின் முகத்தைச் சுவரில் போட்டார்கள். செல்போனில் எடுத்த முகம், ஆள் உயரத்துக்குப் பெருத்து, ஊதின கன்னங்களோடு சிரித்தது. தேநீரும் பழம்பொரியும் வந்துகொண்டிருந்தன. ஒருவர் குனிந்து, சுவரில் இருந்த முகத்துக்குக் குறுக்கே தன் நிழல் விழ, சர்க்கரை எடுத்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜெபராணியிடம் திரும்பினார். நீங்கள் அவருக்கு வேண்டியவர், பக்கத்து ஊர்க்காரர், அவர் சொல்வதை நீங்களே எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், அப்போதுதான் யாருக்கும் சந்தேகம் வராது என்றார்.

படம் மறுபடி ஓடியது. "என் பேரு வேல்பாண்டி. உடல்தகுதி இழந்தவங்க சார்பாப் பேசுறேன். புதுத் திட்டத்த முழுசாப் படிச்சுப் பார்த்தோம். சங்கத்தோட நன்மைக்காக நாங்க மனசார ஒத்துக்கிறோம். எங்கள யாரும் வற்புறுத்தல."

அவள் எழுந்து நின்றாள். இன்னும் ஒரு வாக்கியம் போதும். இந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், இவருடைய படி நிற்காது, அதற்காகத்தான் இப்படிப் பேசுகிறார் என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால், நாலு பேர் காதில் விழுந்தபின் அந்த வாக்கை யாரும் காப்பாற்ற முடியாது. சண்முகராஜின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். பிரின்சிக்கு ஒரு வழி பிறக்கலாம். ஆனால் சேலைத் திரைக்கு வெளியே முனீஸ்வரி நிற்பாள், அல்லது நிற்கவும் முடியாமல் எங்கோ கல்கத்தாவில் இருப்பாள். சண்முகராஜ் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

ஜெபராணி மொழிபெயர்த்தாள். அவர் சொன்னதை, சொன்ன வரிசையில், ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் சொன்னாள்.

"நாங்கள் என்றா சொன்னார்? நான் என்று சொல்லவில்லையே?" என்று அதிகாரி கேட்டார்.

"நாங்கள் என்றுதான் சொன்னார்."

சண்முகராஜ் வாயில் இருந்ததை மறுபடி மெல்லத் தொடங்கினார். அதிகாரி அவளைப் பாராட்டினார். எவ்வளவு தெளிவான குரல் உங்களுக்கு, விமானிகள் கொடுத்து வைத்தவர்கள் என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார்கள். அவள் முறை வந்தபோது திட்டத்தை எதிர்ப்பதாகச் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. எதிர்ப்பதால் இனி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அவளுக்கும்கூட. மாற்றுக் கருத்து ஒன்று என்று குறித்துக்கொண்டார்கள். கூடப்போகும் படி எனக்கு வேண்டாம் என்று சொல்ல அந்தத் திட்டத்தில் எங்கேயும் இடமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஏலக்காய்ப் பொட்டலம் கையில் இருந்தது. அவளை நடுவில் நிற்க வைத்தார்கள்.

படகுச் சவாரிக்கு மற்றவர்கள் கிளம்பியபோது, போடிக்குப் போய் அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். காரில் விடுகிறேன் என்று சண்முகராஜ் சொன்னதைக் காதில் வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து கூடலூருக்கும் கம்பத்துக்கும் இறங்கும் பெண்களின் ஜீப்புகள் நின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எடமில்ல மேடம், இடுக்கிக்கிட்டுத்தான் வரணும்," என்றார். அவள் ஏறிவிட்டாள். மண்ணும் வியர்வையும் பூச்சிமருந்துத் தண்ணீரும் நாறும் பெண்கள், பேச்சை நிறுத்தாமலே, ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்கள்.

மலைச்சாலையின் இரண்டாவது வளைவிலேயே அவளுக்கு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து இந்த மலைகளில் ஏறி இறங்கினவள், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. பக்கவாட்டில் தலையை நீட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். நின்றது என்று நினைத்தபோது திரும்ப வந்தது. பக்கத்தில் இருந்த பெண் டிரைவரை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டே, பச்சைக்கறை படிந்த உள்ளங்கையால் அவள் நெற்றியை இறுகத் தாங்கிப் பிடித்தாள். பேர் ராஜாத்தி என்று மற்றவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

"மலை ஒத்துக்கலயாக்கும். அசலூரா ஆத்தா நீ?"

இல்லை என்று ஜெபராணி தலையசைத்தாள். அசைத்ததில் மறுபடி குமட்டியது. மடியில் கிடந்த செல்போன் அடித்தது. ராஜாத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாரோ பொம்பளப் பிள்ள படம் வருது. காதுல மைக்கு மாட்டிக்கிட்டு நிக்கி. எடுக்கட்டா?"

பிரின்சி; காது போவதற்கு முன் எடுத்த படம். வேண்டாம் என்று சொல்ல ஜெபராணி வாயைத் திறந்தாள். வாய் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஜீப் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். ராஜாத்தி ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்தபடியே, மறு கையால் போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அலோ! யாரு தாயி... இவுகளா? இவுக இங்கன எங்கூட ஜீப்புல வாராக. பேச முடியாது, வாந்தி எடுக்காக. வாந்தி! ... என்னது? மீட்டிங்கா? என்ன மீட்டிங்கு? ... ஏ, சத்தமாப் பேசுறேன், கேக்குதா? கேக்குதா தாயி?"

பின்னால் வந்த ஜீப்புகள் ஆரன் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ராஜாத்தி போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, பள்ளத்தாக்குக்கே கேட்கிற மாதிரி, "கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.